வெளியூர் மைதானத்தில் ஒரு தெரிந்த முகம்

நைனா,

நீ படுக்கும் இடத்துக்கும் நான் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பீரோ மட்டும்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. இதைப் பார்த்ததும் முதலில் சிரிப்பாய், அடுத்து பயப்படுவாய். பயப்பட ஒன்றுமில்லை, எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் சொல்லத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உன் பக்கத்தில் வந்து நின்று, "சாப்டியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நம் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்று பேர், ஆனால் நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கன்டெய்னர் யார்டு ஆபீசில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், அங்கேயும் நான் டைப் அடிக்கிற அக்கா, பேசுகிற அக்கா வேறொருத்தி. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். படித்து முடித்தபின் உன் கிரவுண்டுப் பையன்களிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டு. இதில் மறைத்துவைக்க இனி எதுவுமில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். டீக்கடைப் பெஞ்சில் டில்லி மாமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீ அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தாய். டேங்கர் லாரிகள் போகிற இரைச்சலில் நான் பின்னால் வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நம் ஃபுட்பால் டீம் திண்டுக்கல்லில் ஆடப்போகிற ஆட்டத்துக்கு நீதான் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கூடவே போக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரையில் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், இனிமேல் தன்னால் ரயிலேற முடியாது, தான் போகாவிட்டால் பசங்க துணையில்லாமல் போவார்கள் என்றார். நீ ஏதேதோ சொல்லிப் பார்த்தாய். போனிலேயே லைவ் வருகிறது, இங்கிருந்தே பார்க்கலாம், லீவு கிடைக்காது என்றாய். அவர் எதற்கும் மசியவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "எங்கம்மா செத்துடும் மாமா. வெளியூரு மேட்ச்சுன்னாலே அது மூஞ்சி எப்டி மாறுதுன்னு நீ பாத்ததில்ல." அவர் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

நீ சொன்னது உண்மைதான். போகாதே என்று உன்னிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. சொல்லாமலே உன்னை நிறுத்திவைத்திருக்கிறேன் என்பது அன்றைக்கு அந்த டீக்கடை முன்னால்தான் புரிந்தது. நம்ம கிரவுண்டில் ஆட்டம் என்றால் மோளத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போகிறவன் நீ. உன் குரல் அங்கிருந்து நம் பிளாக்வரை கேட்கும். அதே பையன்கள் ரயிலேறி வேறு ஊருக்குப் போகும்போது நீ கட்டிலில் படுத்துக்கொண்டு உள்ளங்கை அகலத் திரையில் அவர்களைப் பார்க்கிறாய். போன மாசம் கோவையில் அவர்கள் தோற்றபோது போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். நான் பார்த்தேன். கவனிப்பது எனக்குப் பழக்கம். சொல்வதுதான் பழக்கமில்லை.

நம்ம கிரவுண்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது ஒரு வழக்கம் என்றே உனக்குத் தோன்றியிருக்காது. யாராவது அடிபட்டு விழுந்தால், கோட்டுக்கு வெளியே நிற்கிற அத்தனை பேரும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எதிர் டீம் பையனாக இருந்தால் அவன் பேர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கூப்பிடுவார்கள். விழுந்தவன் ஒரு கையைத் தூக்கிக் காட்டுகிறவரை நிறுத்த மாட்டார்கள். உன் மாமா, என் அண்ணன், செத்துப்போனபிறகு நான் அந்தப் பக்கம் போனதேயில்லை. நம் சமையலறை ஜன்னலில் நின்றால் மைதானம் தெரியாது, பள்ளிக்கூடச் சுவர் மறைக்கும், சத்தம் மட்டும் வரும். மோளமும் கூச்சலும் சட்டென்று நிற்கும். பிறகு ஒரு பேர் கிளம்பும். கார்த்தீ, கார்த்தீ என்று அது வளரும். நான் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். கைதட்டல் கேட்டால் பையன் எழுந்துவிட்டான் என்று அர்த்தம். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். மேட்ச் நடக்கிற நாளில் மட்டும் குழம்பு ஏன் இவ்வளவு லேட்டாகிறது என்று உன் அப்பா கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது கேட்பதை விட்டுவிட்டார்.

உன் மாமா ஏழுமலை ஒரு மேட்ச்சில் அடிபட்டு இறந்துபோனான் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவும் அந்த ஒரு வரியும்தான் உனக்குக் கிடைத்தவை. மீதியை நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்டால் என் அம்மா எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவாள். அப்பா சாகும்வரை அவன் பேரை வாய்விட்டுச் சொல்லவில்லை. டில்லி மாமா உன்னிடம் சொல்லமாட்டார். ஆகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணனும் டில்லியும் எதிர் எதிர் பிளாக்கில் வளர்ந்தவர்கள். அண்ணன் டிஃபென்ஸில் ஆடுவான். பந்து இருக்கிற இடத்தில் அவன் இருப்பான், வேலை இருக்கிற இடத்தில் இருக்க மாட்டான் என்று அப்பா திட்டுவார். அப்பா காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். மகன் ஒரு வேலையிலும் நிலைக்காத கோபத்தில், நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற விசைப்படகு ஒன்றின் டிரைவரிடம் சொல்லி அவனுக்கு ஓர் இடம் வாங்கிவைத்தார். டில்லி கதை நேர்மாறு. அவன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதனால் அவன் அம்மா நவநீதம் அத்தை அவனைப் படகுப் பக்கமே விடமாட்டாள், வீட்டுக்குள் வரும்போது காலில் கடல் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். அவனுக்கோ கடல்மேல்தான் ஆசை. பந்தாட்டத்தில் அவன் சுமார்தான். ஆனால் வாழ்க்கையில் நன்றாக ஆடிய ஒரே நாளில் எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி டீம் ஒன்றின் ஆள் அவனைப் பார்த்துவிட்டார். திண்டுக்கல்லில் நடக்கிற ஒரு போட்டிக்கு ஆள் குறைகிறது, வா என்று அவன் பேரில் அடையாள அட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டார். அவனைப் பார்த்த அந்த ஆள் திண்டுக்கல்லுக்குப் போகவில்லை. போகிற டீமில் யாருக்கும் டில்லியைத் தெரியாது.

இப்போது உனக்கே புரிந்திருக்கும். கடலுக்குப் போக ஆசைப்பட்டவனுக்கு டீமில் இடம், ஆட ஆசைப்பட்டவனுக்குப் படகில் இடம். இரண்டு பேரும் மாற்றிக்கொண்டார்கள். டில்லி தன் அம்மாவிடம் மேட்ச்சுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, என் அண்ணனுக்குப் பதிலாகப் படகேறினான்; வலை இழுக்க ஓர் ஆள் வந்தால் போதும் என்று டிரைவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் அண்ணன் எங்களிடம் கடலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, டில்லியின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினான். அந்தக் காலத்து அட்டையில் ஒட்டியிருக்கிற போட்டோவில் முகம் எங்கே தெரியும், கிராப்புதான் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே சலூன். நம் பக்கத்தில் எந்தத் தோஸ்துகளும் செய்யக்கூடியதுதான் இது. இரண்டு பேரும் திரும்பி வந்திருந்தால் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிச் சிரிக்கிற கதையாகியிருக்கும். அண்ணன் கிளம்புவதற்கு முந்தின நாள் மாடிப்படியில் உட்கார்ந்து பிளேடால் கால் நகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தான். மேட்ச்சுக்கு முன்னால் மட்டும்தான் அவன் அப்படி வெட்டுவான். வலை இழுக்கப் போகிறவனுக்கு எதற்குக் கால் நகம் என்று நினைத்துக்கொண்டே, குடத்தைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி மேலே ஏறினேன். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

தெருமுனையில் அப்போது ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. எங்கள் இரண்டு பிளாக்குக்கும் யார் பேசினாலும் அங்கேதான் பேசுவார்கள். நான் கல்லூரியில் கடைசி வருஷம். வெளியூரிலிருந்து யாரோ ஆபீசர் மாதிரி பேசுகிறார், படித்த பொண்ணு வந்து கேட்கட்டும் என்று ஒரு சாயங்காலம் பூத்காரர் என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். போனில் பேசியவர் மரியாதையாகப் பேசினார். அட்டையைப் பார்த்துப் படித்தார். டில்லிபாபு, தகப்பனார் பேர், பிளாக் எண். விளையாடும்போது தலையில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது, உடலை நாளைக்கு வேனில் அனுப்புகிறோம் என்றார். சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் படித்த படிப்பு முதல்முதலாகப் பயன்பட்டது அதற்குத்தான். நவநீதம் அத்தை வீட்டுக்கு அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு போனவள் நான்.

அவள் அழுத அழுகையை எழுத எனக்கு வராது. எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். என் அம்மா அத்தையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா ஷாமியானாவுக்கும் நாற்காலிக்கும் சொல்லிவிட்டு வந்தார். பசங்க டில்லியின் போட்டோவைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, விடிவதற்குள் துறைமுகச் சுவர்வரை ஒட்டிவிட்டு வந்தார்கள். காலையில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கண் சிவந்திருந்தது. "நம்ம ஏழுமல கடல்ல கீறான். கரைக்கு வந்தான்னா இத்த அவங்கிட்ட யாரு சொல்றது? எனக்குத் தாங்காதும்மா, நீயே பக்குவமா சொல்லிடு" என்றார். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை வார்த்தையாக மனதுக்குள் தயார் செய்தேன். அந்த வார்த்தைகள் இன்னும் எனக்கு மனப்பாடம். சொல்ல ஆள் இல்லாமல் உள்ளேயே கிடக்கின்றன.

மதியம் வேன் வந்தது. முகத்திலிருந்து துணியை விலக்கியபோது நவநீதம் அத்தைதான் முதலில் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். "இது எம்புள்ள இல்ல" என்றாள். அந்த ஒரு கணம் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. எந்தத் தாய்க்கும் அது வரும். ஆனால் அந்த வெளிச்சம் இன்னும் அணையாமல் என் கண்ணில் நிற்கிறது. அவள் நிமிர்ந்தாள், கூட்டத்தில் என் அம்மாவைத் தேடினாள், பிறகு அந்த முகம் மாறியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். ஷாமியானாவையும் நாற்காலிகளையும் பிரித்துத் தூக்கிக்கொண்டு எதிர் பிளாக்கிலிருந்து எங்கள் பிளாக்குக்கு ஆட்கள் நடந்தார்கள். டில்லிக்கென்று வாங்கிவைத்த மாலைகளைத்தான் அண்ணனுக்குப் போட்டோம்.

வேனில் கூடவே வந்த எண்ணூர்ப் பையன் ஒருவன் எங்கள் வாசலில் நின்றான். அவனுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அவன் சொல்லித்தான் மீதி தெரிந்தது. தலையோடு தலை மோதியபின் அண்ணன் எழுந்து சிரித்துவிட்டு மறுபடி ஆடியிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மைதானத்து நடுவில் தானாக உட்கார்ந்திருக்கிறான். வெயில், களைப்பு என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் சாய்ந்துவிட்டான். டில்லி, டில்லி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம், அவன் திரும்பவே இல்லை என்றான் அந்தப் பையன். அவர்கள்மேல் என்ன தப்பு, அவர்களுக்குத் தெரிந்த பேர் அதுதான். ஆனால் நைனா, நம்ம கிரவுண்டில் அவன் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். ஏழுமலை மைதானத்தில் உட்காருகிற ஆள் இல்லை என்று அங்கே டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். கால் வீங்கினாலும் நின்றுகொண்டே திட்டுவான். அவன் உட்கார்ந்த அந்த நிமிஷமே நாலு பேர் கோட்டைத் தாண்டி ஓடியிருப்பார்கள். ஓடியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்குள் போனால் வெளியே வர வழி கிடையாது, போய்ப் பார்த்திருக்கிறேன்.

டில்லி மூன்று நான்கு நாள் கழித்துத்தான் கரைக்கு வந்தான். துறைமுகச் சுவரில் தன் மூஞ்சியோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துப் பசங்க கலாய்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தானாம். கூட வந்தவர்களுக்கெல்லாம் காட்டினானாம். சிரித்துக்கொண்டே நடந்து வந்தவன் நம் தெருமுனையில் இன்னொரு போஸ்டரைப் பார்த்தான்.

அதற்கப்புறம் அவன் கடலுக்குப் போகவில்லை. நம் பக்கத்துப் பையன்கள் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் கூடவே போக ஆரம்பித்தான். உனக்குத் தெரிந்த டில்லி மாமா அப்படி உண்டானவர்தான். ரயில் புறப்படும் முன் எழும்பூர் பிளாட்பாரத்தில் ஒவ்வொருவனையும் நிறுத்தி, அவன் பேரை அவன் வாயாலேயே சொல்லச் சொல்வார் என்று நீங்கள் எல்லாரும் கிண்டல் செய்வீர்களே. ஒரு தடவை கார்த்தி ஏதோ சினிமாக்காரன் பேரைச் சொல்லப்போய் அறை வாங்கினான் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய். நான் சிரிக்காததைப் பார்த்துப் பேச்சை மாற்றினாய். வெளியூர் மைதானத்தில் அவர் ஒரு ஆள்தான் நம்ம கூட்டம். மூன்றாவது பிளாக்கு செல்வி மவன் வர்ரான் டோய் என்று கத்துவாராம். ஒரு ஊரில் அவர் பேச்சைக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் கீது, கீது என்று சேர்ந்து கத்திக் கேலி செய்தார்களாம். நம் கோல்கீப்பர் விழுந்தபோது இவர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்க, கேலி செய்த கூட்டமே கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பேரை எடுத்துக்கொண்டதாம். நம் பையன் எழுந்து கையைத் தூக்கியதற்கு அந்த ஊர் கைதட்டியதாம். இதெல்லாம் எனக்கு நீ சொன்ன கதைகள்தான். அவர் வாயால் எதுவும் கேட்டதில்லை. இத்தனை வருஷமும் ஒரே தெருவில் இருந்தோம், எதிரே வந்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வார், நான் முந்தானையைச் சரிசெய்வேன்.

முந்தாநாள் நீ வேலைக்குப் போனபிறகு அவர் நம் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலோடு அத்தனை படியும் ஏறி, கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உம்புள்ளய கூப்ட்டது நான்தான் தங்கச்சி. வாணாம்னு நீ ஒரு வார்த்த சொல்லு, உட்டுர்றேன்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"உள்ள வாணாம். செவுத்துல அவன் போட்டோ கீது. அவன பாத்துகினு எனக்குப் பேச வராது."

நான் ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். இப்படி ஊர் ஊராகப் போகிறீர்களே, நீங்கள் போய் நின்றதால் யார் உயிராவது பிழைத்திருக்கிறதா என்றேன். கேட்டபிறகு, கேட்ட விதம் எனக்கே கடுமையாகப் பட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உயிரா? அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. சுளுக்கு, மூக்குல ரத்தம், ஒரு தபா ஒர்த்தன் பல்லு பூட்ச்சி. அவ்ளோதான்." சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அவன் காதுல கடசியா வுழுந்தது எம்பேரு தங்கச்சி. அம்மாம் பேரும் எம்பேர சொல்லித்தான் கூப்ட்டுகினு இருந்தானுங்கோ. அவன் எதுக்குத் திரும்புவான்? நம்ப புள்ளைங்க எங்க போய் ஆடுனாலும், அவன் யாருன்னு தெரிஞ்சவன் ஒர்த்தன் அங்க நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

என் பிள்ளையை அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

"நீ அனுப்ப வாணாம். அவனா போணும். உன்னிய நெனச்சுகினு பயந்துகினே போனான்னா அங்க நின்னு வாயத் தொறக்க முடியாது."

அவர் ஒரு படிக்கு ஒரு தரம் நின்று நின்று இறங்கினார். பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ரெண்டு விரல்தான் போச்சு, மீதி எட்டு கீது, எறங்கறதுக்கு எட்டு போதும் என்று கீழேயிருந்து சொன்னார்.

அதனால்தான் இந்தக் கடிதம். போ என்று உத்தரவு போட எழுதவில்லை. உன் கால்களில் சுற்றியிருக்கிற என் பயத்தை என் கையாலேயே அவிழ்க்க வேண்டும், அதற்காக எழுதுகிறேன். ஆட்டம் தெரியாத எனக்கு இந்த ஒன்று தெரிகிறது. சொந்த ஊரில் கூட்டத்தோடு நின்று கத்துவதற்கு நீ ஒருவன் குறைந்தால் யாருக்கும் தெரியாது. வெளியூரில் நீ ஒருவன் இருந்தால் அது பதினொரு பேருக்கும் தெரியும். அங்கே எல்லா முகமும் அந்நியம், எல்லாச் சத்தமும் எதிர்ப் பக்கத்துக்கு. பந்தை விட்டுக் கண்ணை எடுக்கிற ஒரு நொடியில் அந்தப் பையன் கோட்டுக்கு வெளியே பார்ப்பான். அங்கே நம் தெருவின் மூஞ்சி ஒன்று நிற்க வேண்டும். அவன் வழக்கமாக எப்படி ஓடுவான், எப்படி மூச்சு வாங்குவான், எப்போது நடிக்கிறான், எப்போது உண்மையாக வலிக்கிறது என்று தெரிந்த கண் அது. போன் திரையில் நீ இதையெல்லாம் பார்க்கலாம். பார்த்து என்ன செய்வாய்? கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போ. மோளத்தை எடுத்துக்கொண்டு போ. அந்த ஊர்க்காரர்கள் நம் பேச்சைக் கேலி செய்தால் இன்னும் சத்தமாகப் பேசு. ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களோடு ஒரே ரயிலில் திரும்பி வா. தோற்ற டீம் தனியாகத் திரும்பி வருவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த மாசத்தோடு நீ உன் மாமாவைவிட வயதில் பெரியவனாகிவிட்டாய். பிறந்தநாளன்று நீ புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது நான் ஏன் அப்படிப் பார்த்தேன் என்று கேட்டாய். இனி இவன் முகம் போகிற வழி எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் உன் முகம் அவன் முகத்தின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில், யார்டு கேட்டில், ராயபுரம் மேம்பாலத்தில், அவன் வயதுப் பையன்கள் யாராவது தலையைச் சாய்த்து நிற்கும்போது அவனாகத் தெரியும். கிட்டே போவதற்குள் வேறு ஆளாகிவிடும். வீட்டில் அவனைப் பற்றி நாங்கள் பேசாததால் அவன் போகாமலே இருக்கிறான் என்று இப்போது தோன்றுகிறது.

கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. முதல் வரியிலேயே எழுத நினைத்தேன், கை வரவில்லை. அண்ணன் விழுந்த, நம் பையன்கள் இப்போது ஆடப்போகிற அந்தத் திண்டுக்கல் மைதானத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காததால் அதை நானே எனக்குள் கட்டிவைத்திருக்கிறேன். சுற்றிலும் ஆளில்லாத ஒரு பெரிய வெட்டவெளி, நடுவில் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான், ஆட்டம் முடிவதேயில்லை. நிஜமான மைதானத்தில் மரமிருக்கும், ஐஸ் விற்கிறவன் இருப்பான், சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும், நம் பையன்கள் அதில் ஓடுவதையும் பார்க்க வேண்டும். நீ போவதென்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போ. ஆபீசில் லீவு சொல்லிவிட்டேன். உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். எனக்குக் கத்தத் தெரியாது. பசங்க முன்னால் உனக்கு வெட்கமாக இருந்தால், யாரோ எவரோ போலத் தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன். ரயிலில் மட்டும், அந்த ஊர் நெருங்குகிறபோது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்.

அம்மா